99 சென்டிமீட்டரும் 12 மாதமும்: விமானப்படை விமானியாக விரும்பிய ஒரு கல்லூரி மாணவி – நிகழ்வு ஆய்வு

சின்னாளப்பட்டியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் அவள் வீடு. அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநர், அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். கோயம்புத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் ஏரோநாட்டிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, பொங்கல் விடுமுறையில் அப்பாவோடு என்னைப் பார்க்க வந்தாள். அப்போது அவளுக்கு 19 வயது 3 மாதம். இந்த ஆய்வில் வயதை அடிக்கடி சொல்வேன், காரணம் போகப்போகத் தெரியும்.

நான் விமானம் ஓட்டியவன் இல்லை. விமானப்படையில் 20 ஆண்டு ஏர்பிரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவனாக வேலை பார்த்து, சார்ஜென்ட்டாக ஓய்வு பெற்றவன். ஹைதராபாத் பக்கம் ஹக்கிம்பேட் விமானப்படைத் தளத்தில் பயிற்சி விமானிகள் காக்பிட்டில் ஏறி உட்காரும்போது பெல்ட் மாட்டிவிட்டிருக்கிறேன். யார் தேறுகிறார்கள், யார் பாதியில் பெட்டியைக் கட்டுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தை நம்பித்தான் ஊரில் பிள்ளைகள் கேட்டு வருகிறார்கள். இவள் விஷயத்தை எழுதுவதற்குக் காரணம், என் ஆலோசனையால் இவளுக்குக் கிடைத்தது உண்டு, இழந்ததும் உண்டு. எழுதலாம், பெயர் மட்டும் வேண்டாம் என்று அவளே சொன்னாள்.

"மாமா, பைலட் ஆகணும்னுதான் ஏரோநாட்டிக்கல் எடுத்தேன். அடுத்து என்ன பண்ணணும்?"

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஏரோநாட்டிக்கல் படித்தால் பைலட் ஆகலாம் என்று நம் ஊரில் யாரோ கிளப்பிவிட்ட பேச்சு எத்தனை வீடுகளில் கடனாக உட்கார்ந்திருக்கிறது! அது விமானத்தை வடிவமைக்கிற படிப்பு. விமானப்படையின் பறக்கும் பிரிவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல் இரண்டிலும் தலா 50 சதவீதம் வேண்டும். அதன் மேல் எந்தப் பட்டமானாலும் 60 சதவீதம் போதும். 2016 ஜூன் 18 அன்று நாட்டின் முதல் மூன்று பெண் போர் விமானிகள் ஹைதராபாத் அருகே உள்ள துண்டிகல் விமானப்படை அகாடமியில் பதவியேற்றார்கள். அவர்களில் ஒருவரான பாவனா காந்த் படித்தது மெடிக்கல் எலக்ட்ரானிக்ஸ். பி.எஸ்சி. கணிதம் படிக்கிற பிள்ளையும் வரலாம். அதே சமயம் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலோ வணிகவியலோ எடுத்து, கணிதமோ இயற்பியலோ இல்லாமல் வந்துவிட்டால், கல்லூரியில் தங்கப் பதக்கமே வாங்கினாலும் இந்தப் பிரிவில் இடமில்லை.

இவளிடம் இரண்டு பாடமும் இருந்தன, மதிப்பெண்ணும் இருந்தது. சரி, அடுத்தது உடம்பு.

அளவெடுப்பு

திண்டுக்கல்லில் ஒரு பயிற்சி மையத்தில் சேர முன்பணம் கட்டப் போவதாக அவள் அப்பா சொன்னார். ஒரு வாரம் பொறுங்கள் என்றேன். பிறகு அவர்கள் வீட்டுக்கே போய், அம்மாவின் தையல் டேப்பை வாங்கினேன்.

உயரம் 163 சென்டிமீட்டர். பறக்கும் பிரிவுக்குக் குறைந்தபட்சம் 162.5. அம்மா சந்தோஷப்பட்டார், எனக்கு நிம்மதி வரவில்லை. அளவுகள் இன்னும் மூன்று உண்டு. கால் நீளம் 99 முதல் 120 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தொடை நீளம் 64-க்கு மேல் போகக் கூடாது. உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 வரை. உயரம் பார்த்துவிட்டுத் திருப்தியாகிற பிள்ளைகள் இந்த மூன்றையும் மருத்துவப் பரிசோதனை மேசையில்தான் முதல்முறையாகக் கேள்விப்படுகிறார்கள். அதற்குள் இரண்டு மூன்று வருடம் போயிருக்கும்.

தரையில் உட்காரவைத்தேன். முதுகும் இடுப்பும் சுவரோடு ஒட்ட வேண்டும், கால் இரண்டும் நேராக நீட்டியிருக்க வேண்டும், பாதம் செங்குத்தாக நிற்க வேண்டும். சுவரிலிருந்து உள்ளங்கால் வரை டேப்பைப் பிடித்தேன். 98.5.

யாரும் பேசவில்லை. அவள் தம்பி டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு ஒன்று தோன்றியது. சுவரின் அடியில் டைல்ஸ் ஓரப்பட்டை ஒன்றரை சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் டேப்பைப் பட்டைக்கு மேலே சுவரில் வைத்திருக்க வேண்டும், பட்டையின் முகப்பில் வைத்துவிட்டேனா, இல்லை இடுப்புதான் பட்டையில் இடித்து அவள் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாளா என்று குழப்பம். பட்டை இல்லாத சமையலறைச் சுவருக்குப் போனோம். மறுபடி அளந்தால் 100. மூன்று முறை அளந்தோம், மூன்று முறையும் 100. தொடை 57, உட்கார்ந்த உயரம் 85. அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்த அளவுகள் எதற்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். கால் குட்டையாக இருந்தால், விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரட்டர் பெடலை அதன் கடைசி வரை மிதிக்க முடியாது. பக்கவாட்டுக் காற்றில் இறங்கும்போது அந்தக் கடைசி இரண்டு அங்குலம்தான் விமானத்தை ஓடுபாதையில் வைத்திருக்கும். தொடை நீளமாக இருந்தால், ஆபத்தில் இருக்கையோடு வெளியே பாயும்போது முழங்கால் முன்பலகையில் மோதும். அந்த இருக்கைகளின் பாதுகாப்பு ஊசிகளை நான் தினமும் எண்ணி எடுத்து, எண்ணி மாட்டியவன். அந்த இடம் எவ்வளவு நெருக்கமானது என்று எனக்குத் தெரியும். அங்கே ஒரு சென்டிமீட்டருக்கும் கணக்கு உண்டு.

கண்

அளவு தேறியது, அடுத்து கண். "எனக்குக் கண்ணாடி கிடையாது மாமா" என்றாள். கண்ணாடி போடாதது வேறு, பார்வை சரியாக இருப்பது வேறு. பள்ளியிலிருந்தே அவள் எப்போதும் முதல் பெஞ்ச். நல்ல பிள்ளை, அதனால் முன்னால் உட்காருகிறாள் என்று ஆசிரியர்கள் நினைத்திருக்கிறார்கள். கரும்பலகை பின்னாலிருந்து மங்கலாகத் தெரியும் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள்.

மதுரையில் கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். வலது கண்ணில் மைனஸ் 1.25, இடது கண்ணில் மைனஸ் 1. பறக்கும் பிரிவில் கிட்டப்பார்வை துளிகூட இருக்கக் கூடாது. ஒரு கண் 6/6, மற்றது 6/9 இருந்து, அதுவும் தூரப்பார்வைக் குறையாக இருந்தால்தான் கண்ணாடி போட்டு 6/6 காட்ட அனுமதி. நிறம் பிரித்தறிவதில் முதல் தரம் வேண்டும். அவளுக்கு நிறத்தில் குறையில்லை.

அன்று மாலை பேருந்தில் திரும்பும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. கிட்டப்பார்வையை லேசரால் சரிசெய்யும் லாசிக், பிஆர்கே அறுவை சிகிச்சை செய்தவர்களை விமானப்படை நிபந்தனையோடு ஏற்றுக்கொள்கிறது. 20 வயது நிறைவதற்கு முன் செய்திருக்கக் கூடாது. செய்து 12 மாதமாவது சிக்கலில்லாமல் கழிந்திருக்க வேண்டும். அறுவைக்கு முன் பவர் 6-க்கு மேல் இருந்திருக்கக் கூடாது. கண்ணின் அச்சு நீளம், அதாவது கண்ணின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரையான நீளம், 25.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அறுவைக்குப் பின் கருவிழியின் தடிமன் 450 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. என்ன சிகிச்சை, எந்தத் தேதி என்ற மருத்துவமனைச் சான்று கையில் இருக்க வேண்டும். ஆர்கே என்ற பழைய முறையில் செய்திருந்தால் வாய்ப்பே இல்லை.

மருத்துவர் எல்லாவற்றையும் அளந்தார். அச்சு நீளம் 24.1, கருவிழி நல்ல தடிமன். பவர் ஏறாமல் நிற்கிறதா என்று ஆறு மாதம் பார்க்கச் சொன்னார். இதைப் படிக்கிற மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அறுவை சிகிச்சை செய்யலாமா என்று சொல்ல வேண்டியவர் கண் மருத்துவர் மட்டும்தான். நான் இல்லை, பயிற்சி மையமும் இல்லை. எப்போது செய்வது என்பதில்தான் நான் வாய் வைத்தேன். அங்கேதான் பிசகிவிட்டது.

நான் செய்த தவறு

அக்டோபரில் அவளுக்கு 20 நிறைந்தது. பவர் ஏறவில்லை. டிசம்பர் விடுமுறையில் செய்துகொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னார். ஆனால் அவளுக்கு மூன்றாம் செமஸ்டர் கணிதத் தாள் ஒன்று அரியராக இருந்தது. கடைசி ஆண்டு மாணவர்கள் விமானப்படை பொது நுழைவுத் தேர்வுக்கு, அதாவது ஏஎஃப்கேட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் நிலுவையில் ஒரு அரியர்கூட இருக்கக் கூடாது, அதுவரை வந்த முடிவுகளில் 60 சதவீதமும் வேண்டும். "முதல்ல அரியரை முடி, கண்ணைக் கோடை விடுமுறையில பாத்துக்கலாம்" என்றேன். அரியரை முடித்தாள். கண் சிகிச்சை ஜூனுக்குப் போனது. ஆறு மாதம்தானே என்று நினைத்தேன்.

கணக்கை உட்கார்ந்து போட்டிருக்க வேண்டும். ஏஎஃப்கேட் ஆண்டுக்கு இரண்டு முறை. பிப்ரவரியில் எழுதினால் அடுத்த ஜனவரியில் பயிற்சி, ஆகஸ்டில் எழுதினால் அடுத்த ஜூலையில். பயிற்சி தொடங்கும்போது வயது 20 முதல் 24-க்குள் இருக்க வேண்டும். வணிக விமானி உரிமம் வைத்திருந்தால் 26 வரை. அந்த உரிமத்துக்குப் பல லட்சம் ஆகும், இந்த வேலைக்கு அது அவசியமும் இல்லை. ஆக, கடைசி ஆண்டில் தொடங்கினால் அவளுக்கு மொத்தம் ஐந்து வாய்ப்புகள்தான். ஆண் பிள்ளையாக இருந்தால் முப்படை அதிகாரிகளுக்கான சிடிஎஸ் தேர்வு வழியாகவும் முயன்றிருக்கலாம். என்சிசி விமானப் பிரிவில் 'சி' சான்றிதழ் இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல், நேர்காணலும் மற்ற சோதனைகளும் நடக்கும் தேர்வு வாரியத்துக்கு நேராகப் போகலாம். இவள் கல்லூரியில் தரைப்படைப் பிரிவுதான் இருந்தது. முதலாம் ஆண்டு சேருகிற பிள்ளைகள் இதை முதல் வாரத்திலேயே விசாரித்துவிட வேண்டும், இரண்டாம் ஆண்டில் கேட்டுப் பயனில்லை.

தேர்வும் மைசூரும்

எழுத்துத் தேர்வு பெரிய மலை இல்லை. 100 கேள்வி, 300 மதிப்பெண், 2 மணி நேரம். சரியான விடைக்கு 3, தவறுக்கு 1 குறையும். கணிதமும் ரீசனிங்கும் நம் பிள்ளைகளுக்குச் சுலபம். ஆங்கிலத்துக்கு மட்டும் தினமும் நாளிதழை வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். முதல் முயற்சியிலேயே தேறினாள்.

நவம்பரில் மைசூருவில் உள்ள விமானப்படைத் தேர்வு வாரியத்துக்குப் போனாள். முதல் நாள் வடிகட்டலிலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள், ஸ்கிரீன் அவுட் என்பார்கள். மங்கலான ஒரு படத்தை 30 வினாடி காட்டுவார்கள், கதை எழுத வேண்டும், பிறகு குழுவாகப் பேசி ஒரே கதைக்கு வர வேண்டும். அந்தப் பேச்சைப் பிள்ளைகள் ஃபிஷ் மார்க்கெட் என்பார்கள், அவ்வளவு கூச்சல். இவள் ஒரே ஒருமுறை வாய் திறந்திருக்கிறாள். மதியமே ரயில் ஏறிவிட்டாள்.

ஊருக்கு வந்ததும் பயிற்சி மையத்தில் கொடுத்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். 60 சொல்லுக்கும் ரெடிமேட் வாக்கியங்கள். வாரியத்தில் 15 வினாடிக்கு ஒரு சொல் வீதம் காட்டி, மனதில் தோன்றும் வாக்கியத்தை எழுதச் சொல்கிற தேர்வு அது. 'தோல்வி' என்ற சொல்லுக்கு, தோல்வியே வெற்றிக்கு முதல் படி என்று எழுதிவைத்திருந்தாள். படக்கதைகளில் எல்லா நாயகர்களும் தடம் புரளப் போகும் ரயிலை நிறுத்தினார்கள்.

"உன் வாழ்க்கைல நீ எந்த ரயிலை நிறுத்தின?" என்று கேட்டேன். பதில் இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: விடுதியில் ஒருமுறை நான்கு நாள் தண்ணீர் வரவில்லை. எல்லோரும் வார்டனோடு சண்டை போட்டார்கள். இவள் மோட்டார் அறைக்குப் போய்ப் பார்த்து, பழுது எதுவென்று எழுதி, எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து, அவர் முடிக்கும்வரை நின்று, தளம் வாரியாகத் தண்ணீர் பிடிக்கும் நேரத்தையும் எழுதி ஒட்டியிருக்கிறாள். இதை நோட்டில் எங்கேயும் எழுதவில்லை, பெரிய விஷயமாகத் தோன்றவில்லையாம்! வாரியம் தேடுவது இதைத்தான். இந்தச் சொல், கதைத் தேர்வுகளில் எழுதுகிறவளும், மைதானத்தில் கட்டையைத் தூக்குகிறவளும், நேர்காணலில் பேசுகிறவளும் ஒரே ஆள்தானா என்று மூன்று பேர் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். கடன் வாங்கிய வாக்கியம் இரண்டாவது இடத்திலேயே உடைந்துவிடும்.

நோட்டை மூடிவைத்தோம். அவள் வாழ்க்கையில் நடந்தவற்றை மட்டும் ஒரு புது நோட்டில் எழுதினாள். அம்மாவின் தையல் கணக்கை எட்டாம் வகுப்பிலிருந்து பார்த்துக்கொண்டது, தம்பிக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தது, அரியர் விழுந்தது, அதை முடித்தது.

பிப்ரவரியில் மறுபடி எழுதினாள். மே மாதம் மறுபடி மைசூரு. இந்த முறை ஐந்து நாளும் நின்று, ரெகமண்டட் ஆனாள்.

பறக்கும் பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்களுக்கு அதன் பிறகு சிபிஎஸ்எஸ் என்ற கணினித் தேர்வு உண்டு. காக்பிட்டில் இருக்கும் மானிகளைப் படித்து விமானம் எந்த நிலையில் பறக்கிறது என்று சொல்ல வேண்டும். கையில் ஸ்டிக், காலில் பெடல் வைத்து, திரையில் ஓடுவதைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். கவனத்தைப் பிரிக்க நடுவில் வேறு வேலைகளும் வரும். ஒரு விஷயத்தை அவளிடம் எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கில்லை: இந்தத் தேர்வு ஆயுளுக்கு ஒருமுறைதான். எழுத்துத் தேர்வில் தோற்றால் ஆறு மாதத்தில் மறுபடி வரலாம். வாரியத்தில் பலமுறை தோற்றவர்களும் பிறகு தேறியிருக்கிறார்கள். இதில் தோற்றால் விமானப்படையின் பறக்கும் பிரிவுக்குத் திரும்பி வரவே முடியாது. பரிந்துரை கிடைத்த மகிழ்ச்சியில் இரவெல்லாம் கூட்டாளிகளோடு அரட்டை அடித்துவிட்டு, மறுநாள் தூக்கக் கலக்கத்தில் போய் உட்கார்ந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். இவள் ரிசல்ட்டை அம்மாவுக்குப் போனில் சொல்லிவிட்டு, ஒன்பது மணிக்குப் படுத்துவிட்டாள். விளக்கவுரையை வரி விடாமல் கேட்டிருக்கிறாள். தேறினாள்.

பெங்களூரு

மருத்துவப் பரிசோதனை பெங்களூருவில் உள்ள விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிலையத்தில். காது, மூக்கு, பல், இதயம், முதுகெலும்பு எக்ஸ்ரே என்று நாள்கணக்கில் நடக்கும். கால் நீளம் அங்கே அளந்தபோதும் 100 வந்தது. கண் பிரிவில் மருத்துவமனைச் சான்றை வாங்கித் தேதியைப் பார்த்தார்கள். அறுவை சிகிச்சை நடந்து 11 மாதம்தான் ஆகியிருந்தது. பார்வை இரண்டு கண்ணிலும் 6/6. ஆனாலும் விதி 12 மாதம். தகுதியில்லை என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

டிசம்பரில் செய்திருந்தால் 17 மாதம் ஆகியிருக்கும். அவள் அழுதுகொண்டே போன் செய்தபோது என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. "நான்தான்மா தள்ளிப் போடச் சொன்னேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் அப்பா அன்று இரவு வீட்டுக்கு வந்து, என்னைத் திட்டவில்லை, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அரியரை முடிக்கச் சொன்னது சரிதான், ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்திருக்க முடியும். தேர்வு நவம்பரில் முடிந்துவிட்டது, சிகிச்சைக்குப் பிறகு சில வாரம் ஓய்வு எடுக்க டிசம்பர் விடுமுறை இருந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு யார் வந்தாலும் முதலில் ஒரு தாளில் பிறந்த தேதியை எழுதி, கடைசி வாய்ப்பு எந்தத் தேர்வு என்று கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுகிறேன். கண், அரியர், பட்டச் சான்றிதழ், எடை எல்லாம் அந்தத் தாளில் மாதம் மாதமாக வருகின்றன.

காத்திருந்த காலம்

பட்டம் முடித்து, கோயம்புத்தூரில் ஒரு டிசைன் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டில் பேச்சு தொடங்கியது. தாய்மாமன் ஒரு வரன் கொண்டுவந்தார். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் திருமணமாகாதவர்களாக இருக்க வேண்டும், பயிற்சி முடியும்வரை திருமணம் கூடாது என்பது விதி. அதை அவள் அப்பாவே எடுத்துச் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த மனிதர் அதிகம் பேசமாட்டார், ஆனால் பேச வேண்டிய இடத்தில் பேசினார்.

அவர் கேட்ட ஒரு கேள்வி நியாயமானது. ஏஎஃப்கேட் வழியாகப் பறக்கும் பிரிவுக்குப் போனால் 14 ஆண்டுப் பணி. ஓய்வூதியம் இல்லை. 37, 38 வயதில் வெளியே வந்தால் என்ன செய்வாள்? பறந்த மணிகள் கைவசம் இருக்கும், தேவையான தேர்வுகளை எழுதி உரிமம் பெற்றுப் பயணிகள் விமானத்துக்குப் போகிறார்கள் என்று சொன்னேன். உத்தரவாதம் தர முடியாது என்பதையும் சொன்னேன். பெற்றோரிடம் சம்பளத்தை மட்டும் சொல்லிவிட்டு இதை மறைப்பது சரியில்லை.

மூன்றாம் முயற்சி டிசம்பரில், கான்ஃபரன்ஸ் அவுட், அதாவது வாரியத்தின் கடைசி நாள் கூட்டம்வரை போய்ப் பரிந்துரை கிடைக்கவில்லை. வாரியம் காரணம் சொல்வதில்லை. எனக்குத் தோன்றுவது, பெங்களூருவில் நடந்தது அவள் பேச்சில் கசப்பாக வந்திருக்கும். நேர்காணலில் அதைப் பற்றிக் கேட்டபோது, விதி நியாயமில்லை என்று சொன்னதாக அவளே சொன்னாள். அந்த விதி எதற்கு என்று இருவரும் உட்கார்ந்து பேசினோம். வெட்டிய கருவிழி ஆறிப் பார்வை நிலைத்துவிட்டதா என்று உறுதிசெய்யக் காலம் வேண்டும். அவள் ஒருநாள் ஓட்டப்போகும் விமானத்தில் அவள் ஒருத்தியின் உயிர் மட்டும் இருக்காது. அதை அவள் மனதார ஒத்துக்கொள்ள ஒரு மாதம் ஆனது. காலையில் ஓடுவதை மட்டும் ஒருநாளும் விடவில்லை.

நான்காம் முயற்சியில், 22 வயது 8 மாதத்தில், மறுபடி ரெகமண்டட். சிபிஎஸ்எஸ் முன்பே தேறியதால் மறுபடி எழுத வேண்டியதில்லை. பெங்களூருவில் தகுதி என்று எழுதினார்கள். அதன் பிறகும் மெரிட் பட்டியல் என்று ஒன்று உண்டு. வாரியம், மருத்துவம் எல்லாம் தேறி, இடம் போதாமல் நின்றுபோகிற பிள்ளைகள் நிறைய. பட்டியலில் அவள் பெயர் இருந்தது. ஜனவரியில் துண்டிகலுக்குப் போனாள், 23 வயது 3 மாதம். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் மிச்சம் இருந்தது.

ஊரில் எல்லோரும் அவளைப் பைலட் என்றுதான் சொல்கிறார்கள். இன்னும் இல்லை. ஓராண்டுக்கும் மேலான பயிற்சி. முதல் சில மாதங்கள் அணிவகுப்பும் வகுப்பும், பிறகுதான் பிலாட்டஸ் என்ற பயிற்சி விமானம். பறப்பதில் தேறாதவர்களை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் நம் தாம்பரத்தில் உள்ள பறத்தல் பயிற்றுநர் பள்ளியில் பயிற்சி பெற்று வருகிறவர்கள், ஒரு தவறை மூன்றாம் முறை பொறுக்கமாட்டார்கள். இதையெல்லாம் அவளிடம் சொல்லித்தான் அனுப்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசி முடித்துவிட்டு, என்னிடம் போனைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள்.

"மாமா, இன்னிக்கு மொதத் தடவையா காக்பிட்ல உக்காரவெச்சாங்க."

"எப்படிம்மா இருந்துச்சு?"

"பெல்ட் மாட்டினதும் ரெண்டு காலையும் நீட்டி அழுத்திப் பாத்தேன் மாமா. கடைசி வரைக்கும் எட்டுது."